எத்தனை நேரம் கழித்து வந்தது?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 31 வயது, லூபஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, கிரேவ்ஸ் நோய் என்று மருத்துவ அட்டையில் எழுதியிருக்கிறது. தம்பியின் ஏழு வயது மகனுக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. "எங்கள் குடும்பத்துக்கே எதிர்ப்புச் சக்தி குறைவா? தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் வேர்ப்பொடி கொடுத்தார். மூன்று வாரத்தில் அக்காவின் மூட்டுவலி பறந்துவிட்டது. அதையே அம்மாவுக்கும் மகனுக்கும் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

கொடுக்க வேண்டாம், தம்பி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா அந்தப் பொடியைப் பற்றி ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் பேசவேண்டும். அதுவரை தானாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். காரணம் பிறகு வரும். அது புரிய வேண்டுமானால் மூன்று பேரின் உடம்பிலும் நடப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் நோயெதிர்ப்புச் சோதனைகள் செய்யும் மேசையில் கழிந்தது. மருந்தை மாற்றுவது பற்றி உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும். நோய் எப்படி உண்டாகிறது என்பதை நான் சொல்கிறேன்.

"எதிர்ப்புச் சக்தி" என்ற சொல்லே நம்மைத் தப்பான பக்கம் அழைத்துப் போகிறது. தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரே அளவு இருக்கிறது, குறைந்தால் ஊற்றி நிரப்பலாம் என்று நினைக்க வைக்கிறது. நிஜமாகவே குறைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். 1952-இல் ஓக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், திரும்பத் திரும்ப நிமோனியா வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதமே இல்லை என்று கண்டுபிடித்தார். கிருமியைப் பிடிக்கும் நம் ஆன்டிபாடிகள் எல்லாம் அந்தப் புரதத்தில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து ஊசி மூலம் கொடுத்ததும் சிறுவன் தேறினான். டி செல்கள் என்ற வெள்ளையணு வகையே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசிகூட அவர்களுக்கு ஆபத்தாகிவிடும், ஏனென்றால் அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. எச்ஐவி, புற்றுநோய் மருந்து, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, இவையும் குறைக்கும். ஆனால் இவர்கள் எல்லோரிடமும் ஒன்று பொதுவாக இருக்கும்: தொற்று வரும், போகாது, போனாலும் திரும்பி வரும். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் நீங்கள் சொன்னதில் அது இல்லை.

உங்கள் வீட்டில் நடப்பது வேறு. படை வலுவாகத்தான் இருக்கிறது, இலக்குதான் தவறியிருக்கிறது. மகனின் உடம்பு இறாலை எதிரி என்று நினைக்கிறது. அம்மா, அக்கா இருவரின் உடம்பும் தன் சொந்த உறுப்பையே வேறாக நினைக்கிறது.

இது ஏன் எல்லோருக்கும் நடப்பதில்லை என்று கேட்கலாம். டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். தப்பி வெளியே வருகிறவற்றை அடக்கி வைக்கத் தனியாக ஒரு வகை டி செல்கள் இருப்பதை 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சாகாகுச்சி காட்டினார். ஒரே ஒரு மரபணு கெட்டால் அந்தக் கட்டுப்பாடு முழுவதும் போய்விடும் என்பது 2001-இல் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் செய்த ஆராய்ச்சியால் தெரிய வந்தது. 2025-இல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது ஓய்வுபெற்ற எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் செய்து பேசிக்கொண்டோம். நாங்கள் வருடக்கணக்காக மைக்ரோஸ்கோப்பில் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்தின் வேர் அது. பெரும்பாலோருக்கு ஒரே மரபணு கெடுவதில்லை. பல சின்னச் சின்ன மரபுக் கூறுகள் சேர்ந்து, அதோடு ஒரு தொற்றோ வெயிலோ ஹார்மோனோ சேரும்போது தடம் புரள்கிறது. அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று வருவது அதனால்தான். குடும்பத்தில் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

சரி, தடம் புரண்டால் நோய் எப்படி வருகிறது? 1963-இல் பிலிப் ஜெல், ராபின் கூம்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் அறிஞர்கள் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே கேள்விதான்: "உடம்பில் பட்டு எத்தனை நேரம் கழித்து வந்தது?" நிமிடமா, நாளா, வாரமா என்று தெரிந்தால் பாதி வழி வந்துவிடலாம்.

மகனுடையது நிமிடக் கணக்கு. இறால் அவன் உடம்புக்குள் முதல் தடவை போனபோது ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அப்போதே அவன் உடம்பு ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைத் தயாரித்து, தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்துவிட்டது. அடுத்த தடவை இறால் புரதம் வந்து அந்த ஐஜிஇயைத் தொட்டதும், மாஸ்ட் செல் தன் பைகளை உடைத்து ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. ரத்தக்குழாய் விரிந்து கசிகிறது, உதடு வீங்குகிறது, தோல் தடிக்கிறது. மூச்சுக்குழாய் இறுகினால் இழுப்பு. உடம்பு முழுவதும் ரத்தக்குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தவர் பிரான்சின் சார்ல் ரிஷே. அவரும் பால் போர்ட்டியேயும் கடல் அனிமோன் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்குக் கொடுத்துப் பழக்கினால் தாங்கும் சக்தி வரும் என்று நினைத்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைச் சுலபமாகத் தாங்கியது. மூன்று வாரம் கழித்து அதே அளவு கொடுத்தபோது 25 நிமிடத்தில் செத்துப்போனது. 1902-இல் இதை எழுதினார்கள், 1913-இல் ரிஷேவுக்கு நோபல் கிடைத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: "போன தடவை உதடுதான் வீங்கியது, இந்தத் தடவையும் அவ்வளவுதான் இருக்கும்" என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம் என்று வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

இறாலில் பெரும்பாலும் பிரச்சினை செய்வது டுரோபோமயோசின் என்ற தசைப் புரதம். கொதிக்க வைத்தாலும் அது கெடாது. அதனால் நன்றாக வேகவைத்தால் போதும் என்பது சரியில்லை. நண்டிலும் அது இருக்கிறது, வீட்டுத் தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும்கூடக் கிட்டத்தட்ட அதே வடிவில் இருக்கிறது. இந்த ஊரில் எனக்குப் பெரிய கவலை இறால் விழுதான பெலாச்சான்தான். இறால் மீயைக் கண்டால் பையனே ஒதுங்கிவிடுவான். ஆனால் நாசி லெமாக் சம்பாலிலும், ரோஜாக் குழம்பிலும், கீரைப் பிரட்டலிலும் பெலாச்சான் கரைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. "இறால் போட்டிருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் மனசாரவே இல்லை என்பார். "பெலாச்சான் போட்டிருக்கா?" என்று கேளுங்கள். கரண்டியும் வாணலியும் பொதுவா என்றும் கேளுங்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் வகுப்பாசிரியரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், வாந்தியோடு தடிப்பு சேர்ந்தால், தலை சுற்றித் துவண்டால், அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஹிஸ்டமினைத் தடுக்கும் அந்த மாத்திரை தோலரிப்பைக் குறைக்கும், விழும் ரத்த அழுத்தத்தை அது தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி. 999-ஐ அழையுங்கள். பையனைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. குணமான மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரத்தில் இரண்டாவது அலை வரலாம், அதனால்தான் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். தானாகவே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா எல்லா மருந்தகத்திலும் கிடைப்பதில்லை. மகனுக்குத் தேவையா, எங்கே வாங்கலாம் என்று ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

அம்மாவின் கதைக்கு வருவோம். இது செல்லின் மேற்பரப்பிலேயே ஆன்டிபாடி போய் ஒட்டும் வகை. பெரும்பாலும் ஒட்டிய செல் அழியும். சிவப்பணுக்களில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் சோதனை செய்யும்போது அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சோதனைக் குழாயைச் சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் குண்டுமணி போல உட்கார்ந்திருக்கும். குழாயை மெல்லச் சாய்த்துத் தட்டவேண்டும். ஆன்டிபாடி இல்லையென்றால் சிவப்பு புகை மாதிரி எழுந்து கலையும். இருந்தால் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வரும். அந்தத் துணுக்குகளைப் பார்த்ததும் உடனே வார்டுக்கு போன் செய்த இரவுகள் எனக்கு நிறைய உண்டு. 1945-இல் அந்தச் சோதனையை உருவாக்கிய கூம்ஸ்தான் மேலே சொன்ன நான்கு வகையையும் பிரித்த இருவரில் ஒருவர்.

நம் சமூகத்துப் பெண்கள் இதை ஒட்டி ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் அரிது, இந்தியர்களிடம் அவர்களைவிட அதிகம். ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால், பிள்ளையின் ரத்தம் கலந்து தாயின் உடம்பு ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும், அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால் அதன் சிவப்பணுக்கள் வயிற்றிலேயே உடையலாம். பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசி இதைத் தடுத்துவிடுகிறது. கருக்கலைந்தாலும் அந்த ஊசி தேவைப்படலாம். பலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற இடம் அதுதான்.

கிரேவ்ஸ் நோயில் ஆன்டிபாடி தைராய்டு செல்லை அழிப்பதில்லை. சுரக்கச் சொல்லும் பொத்தானில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. மூளை "போதும்" என்று சொல்லித் தன் பங்கை நிறுத்திவிட்டாலும் சுரப்பி நிற்பதில்லை. அதனால்தான் படபடப்பு, எடை குறைவு, கை நடுக்கம். அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடட்டும். அந்த மருந்தில் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், ஏனென்றால் அரிதாக அது வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும்.

அக்காவுடையது வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஓடுவது. இங்கே ஆன்டிபாடியும் அதன் இலக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கொத்தாகி ரத்தத்தில் மிதந்து, வடிகட்டும் இடங்களில் போய்த் தேங்குகின்றன: சிறுநீரகம், மூட்டு, தோல். தேங்கிய இடத்தில் அழற்சி. முன்பு தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் போட்ட குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே, பேலா ஷிக் இருவரும் 1905-இல் அதை விளக்கினார்கள். மறுவருடம் "அலர்ஜி" என்ற சொல்லை உண்டாக்கியவரும் பிர்கேதான். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் ஆறிய ஒன்று முதல் மூன்று வாரத்தில் முகம் உப்பி, சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனால் அதுவும் இந்த வகைதான், தாமதிக்காமல் காட்டவேண்டும்.

லூபஸில் இலக்கு செல்லின் உட்கரு. உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது அக்காவுக்கு எடுத்த ஏஎன்ஏ சோதனை; அதை நான் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் வளர்த்த செல்கள் இருக்கும். நோயாளியின் சீரத்தை 80 பங்காக நீர்க்கச் செய்து அதன்மேல் விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை விட்டு, மறுபடியும் கழுவி, இருட்டறைக்குக் கொண்டுபோவோம். சாதாரண சீரம் என்றால் மங்கலாக இருக்கும். லூபஸ் என்றால் ஒவ்வொரு உட்கருவும் பச்சை ஆப்பிள் நிறத்தில் எரியும். முதல் தடவை பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. தகட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வயது 19 என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஏஎன்ஏ பாசிட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்து லூபஸ் என்று முடிவு கட்டக் கூடாது. ஆரோக்கியமானவர்களிடமும் அது லேசாக இருக்கும்.

அக்காவின் ரிப்போர்ட்டில் சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் குறைவு என்று இருந்தால் அதைப் பார்த்து "பாருங்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது" என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் புரதங்கள் அந்தக் கொத்துகளோடு சண்டை போட்டுச் செலவழிந்துவிட்டன என்பதுதான் அதன் பொருள். நோய் முறுக்கேறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் படையை உசுப்பிவிடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதுதான். சக்தி மாத்திரையாக விற்கும் அல்ஃபால்ஃபா லூபஸைக் கிளப்பிவிட்டதாகப் பதிவுகள் உண்டு. வெயில் கூடத் தோல் செல்களைச் சாகடித்து உட்கருவை வெளியே கொட்டி நோயைத் தூண்டும். குடையும் சன்ஸ்கிரீனும் அவருக்கு மருந்து மாதிரி.

நான்காவது வகை உங்கள் வீட்டில் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் ஆன்டிபாடி இல்லை, டி செல்களே நேரில் வந்து வேலை செய்யும். வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். பாசார் மாலாமில் வாங்கிய தோட்டில் நிக்கல் இருந்தால் காது மடல் இரண்டு நாள் கழித்து நீர் கோத்து அரிக்கும். முடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனமும், கறுப்பு மருதாணியில் கலக்கும் அதே பிபிடியும் இப்படித்தான். காசநோய்க்குக் கையில் போடும் மாந்தோ சோதனையை 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் இதனால்தான். சிவப்பைப் பார்க்கக் கூடாது, கெட்டிப்பட்ட மேட்டை விரலால் தடவி அளக்கவேண்டும். எச்ஐவி முற்றியவருக்குக் காசநோய் இருந்தும் மேடே எழாமல் போகலாம். வீங்குவதற்குக்கூட டி செல் வேண்டும்.

இதே டி செல் கூட்டம் ஒரு மருந்துக்கு எதிராகக் கிளம்பினால் தோல் தீக்காயம் போல உரிந்துவிடும். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின் அப்படிச் செய்வது பெரும்பாலும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு என்று 2004-இல் தைவானில் கண்டார்கள். தென்கிழக்காசியாவில் அது பரவலாக இருக்கிறது. புதிய மருந்து தொடங்கிச் சில வாரத்துக்குள் காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் வலிக்கும் தோல் என்று வந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு தடவை வந்துவிட்டால் மருந்தாளரிடம் ஒவ்வாமை அட்டை வாங்கி எப்போதும் கூடவே வைத்திருக்கவேண்டும்.

இப்போது பொடி. மூட்டுவலி மூன்று வாரத்தில் பறந்துவிட்டது என்கிறீர்கள். லூபஸ் மூட்டுவலி அவ்வளவு வேகமாக அடங்கவேண்டுமானால் பெரும்பாலும் ஏதோ ஒன்று அழற்சியை அடக்கியிருக்கவேண்டும். என் சந்தேகம் ஸ்டீராய்டு. பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அப்படியானால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்ற பொடி உண்மையில் அதை அடக்கிக்கொண்டிருக்கிறது. அக்காவின் மருத்துவரும் ஸ்டீராய்டு கொடுக்கலாம், அதில் தப்பில்லை. அவர் அளவு தெரிந்து, சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து, படிப்படியாகக் குறைப்பார். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வலி இல்லை என்று அக்கா நிம்மதியாக இருக்கும்போதே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கலாம். தொற்று வந்தால் காய்ச்சல்கூடக் காட்டாது. உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு உறங்கிவிட்டிருந்தால், பொடியைச் சட்டென்று நிறுத்தியதும் வாந்தி, மயக்கம், அழுத்தம் இறங்குதல் என்று ஆபத்தாகிவிடும். முதலிலேயே நிறுத்தாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

டப்பாவில் MAL (மால்) என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிச்சப் பொடியோடு டப்பாவை எடுத்துக்கொண்டு அக்காவை அழைத்துப் போங்கள். என்றைக்குத் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி, முகம் உப்பியிருக்கிறதா, சிறுநீரில் நுரை நிற்கிறதா, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொடி சாப்பிட்டதற்காகத் திட்டுவார்களோ என்று அவர் தயங்கினால், தாளை நீங்களே மருத்துவரின் மேசையில் வையுங்கள்.